ஒரு நபர் பொதுக்குழு

தீயணைப்புப் படையின் கோடைவிழாவில் கெர்லிண்டே மாத்தேஸின் பலூன் கோட்டை காற்றில் எழும்பி, பேண்டு வாசித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் போய் உட்கார்ந்த நாளோடு அவள் வீட்டில் நிம்மதி போயிற்று. நல்லவேளையாகப் பிள்ளைகள் எல்லாரும் அப்போது ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி நின்றார்கள். காலிக் கோட்டை மேற்கிலிருந்து வந்த ஒரே வீச்சில் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. பீர்க் கூடாரத்தைத் தாண்டியது. மேடைக்கு வந்ததும், ஏதோ யோசித்து முடிவெடுத்ததுபோல, மெதுவாக இறங்கியது. மற்ற வாத்தியக்காரர்கள் ஓடிவிட்டார்கள். டூபா என்கிற அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு ஓட முடியாது. அதை வாசித்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கோட்டையின் வலது கோபுரம் டூபாவின் விளிம்பில் மாட்டிக் கிழிந்தது.

தோள் கூடிவிட்டது. காப்பீட்டுக்காரர்களும் முனகிக்கொண்டே ஈட்டுத்தொகையைக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குமுன் டூபாக்காரரின் வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தேவைப்பட்டால் எதிர்த்தரப்பின் குடியிருக்கும் வீட்டின்மீது கைவைக்கும் உரிமையைத் தன் கட்சிக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தார். தெருப் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருந்தன.

கெர்லிண்டேயின் கணவன் வின்ஃப்ரீட் அதைத் தபால் பெட்டி அருகில் நின்றபடியே படித்தான். அவன் திருகாணி ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். அந்த வீட்டின் மாடிப்படியும் குளியலறை ஓடும் பின்பக்கத்து மரத்தளமும் அவன் விடுமுறை நாட்களில் செய்தவை.

"கெர்லி, இது நம்ம வீட்டு நம்பர்."

"தெரியும்."

"டூபாவுக்கும் நம்ம வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"தொழில் என் பேர்ல இருக்கு. வீடும் என் பேர்ல பாதி இருக்கு. அதான் சம்பந்தம்."

அடுத்த வாரம் வின்ஃப்ரீட் ஆலைக் கேன்டீனிலிருந்து ஒரு முடிவோடு வந்தான். "லிமிடெட் கம்பெனி ஆக்கிடு. அப்புறம் கோட்டை பறந்தா கம்பெனி பாடு. நம்ம வீட்டுல ஒரு ஓடு பேராது. கம்பெனி ஆகாம இனிமே ஒரு பலூன்ல கூட காத்து ஏறக் கூடாது, சொல்லிட்டேன்."

அது கார்த்திகைக் குளிர். ரீட்டன்வைலர் நகராட்சியின் விழா ஜூன் மாதம். நகராட்சியும் டூபாவை மறக்கவில்லை. வருகிற விழாவில் பலூன் கோட்டைக்கான ஒப்பந்தம் தனி ஆளுக்குக் கிடையாது, கம்பெனிக்குத்தான் என்று சொல்லிவிட்டது. அந்த விழாதான் கெர்லிண்டேயின் வருட வருமானத்தில் பாதி. ஜூனுக்கு வேண்டிய நாள் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அதுவரை அவள் கம்பெனி எதையும் தொடங்கிப் பார்த்தவள் அல்ல.

முதலில் பெயர். வட்டாரத்து வணிகச் சபையிடம் கேட்டுவிடுவது நல்லது என்றார்கள். வணிகச் சபையின் பெயர்ப் பிரிவில் ஃப்ராவ் சிம்மர்லிங் என்கிற அம்மாள் தொலைபேசியை எடுத்தார்.

"'மாத்தேஸ் பலூன் கோட்டை'னு போட்டிருக்கீங்க. நம்ம வட்டாரத்துல கோட்டை எத்தனை இருக்கு தெரியுமா? பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். சுற்றுலாக்காரங்க குழம்பிடுவாங்களே."

"பலூன்னு முன்னாடியே இருக்கேம்மா."

"இருக்கு. ஆனா அவசரமா படிக்கிறவங்களையும் சட்டம் காப்பாத்தணும். கோட்டைன்னா கல்லுல கட்டினதா இருக்கணும்னு ஒரு சராசரி வாடிக்கையாளர் எதிர்பார்ப்பார். நாங்க அந்த சராசரி வாடிக்கையாளரோட இடத்துல இருந்து யோசிக்கிறோம். அது சுலபமான வேலை இல்ல."

கெர்லிண்டே இன்னொரு பெயர் சொன்னாள். 'மாத்தேஸ் குதியுலகம்.'

"உலகமா? எவ்வளவு சதுர மீட்டர்?"

"அஞ்சுக்கு ஆறு இருக்கும்."

மறுமுனையில் அந்த அம்மாள் பெருமூச்சு விட்டது கேட்டது. அதில் கோபம் இல்லை, அனுதாபம்தான் இருந்தது. உலகம் என்று சொல்ல ஒரு குறைந்தபட்சப் பரப்பு வேண்டாமா? கடைசியில் ஃப்ராவ் சிம்மர்லிங்கே ஒரு பெயரை உருவாக்கிக் கொடுத்தார். அது யாரையும் ஏமாற்றாது, எதையும் மிகைப்படுத்தாது என்று உறுதி சொன்னார். 'மாத்தேஸ் ஊதிப் பெருக்கும் உடல்கள் வாடகை நிலையம்.'

"இந்தப் பேர்ல ஒரு கவர்ச்சியும் இல்லையே" என்றாள் கெர்லிண்டே.

"ரொம்ப நன்றி" என்றார் ஃப்ராவ் சிம்மர்லிங்.

ஜனவரியில் நோட்டரி. சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய அந்த நோட்டரி டாக்டர் ஐகெலின் அலுவலகம் சந்தைச் சதுக்கத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடி. சுவரோரம் முழுக்கப் பச்சைத் தோல் நாற்காலிகள். நாட்டு வழக்கப்படி கம்பெனி தொடங்கும் பத்திரத்தை நோட்டரி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். தொடங்குகிறவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வாசிக்காவிட்டால் பத்திரம் செல்லாது. டாக்டர் ஐகெல் அதில் கைதேர்ந்தவர். எந்த இடத்திலும் குரலை ஏற்றவோ இறக்கவோ மாட்டார். வாக்கியம் முடிந்ததா, அடுத்தது தொடங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. மாதா கோயிலில் ஜெபமாலை சொல்லும் கிழவிகள்கூட நடுவில் மூச்சு விடுவார்கள்.

கம்பெனியின் நோக்கம், கம்பெனியின் இருப்பிடம், கம்பெனியின் ஆண்டு, ஆண்டின் தொடக்கம், அந்தத் தொடக்கத்துக்கு முந்தைய குறைப்பட்ட ஆண்டு என்று போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்தது. வின்ஃப்ரீட் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தான். இரண்டாம் பக்கத்தில் அவன் தலை சாய்ந்தது.

டாக்டர் ஐகெல் நிறுத்தினார். "இவர் பங்குதாரரா?"

"இல்ல, வீட்டுக்காரர்."

"அப்போ தூங்கலாம்" என்றார் பெருந்தன்மையோடு. "நீங்க தூங்கக் கூடாது, ஃப்ராவ் மாத்தேஸ். நீங்க கண்ணை மூடின இடத்துல இருந்து பத்திரம் செல்லாமப் போயிடும்."

அதன்பிறகு அவருடைய உதவியாளர் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கெர்லிண்டேயின் இமைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு தட்டு பெப்பர்மின்ட் இருந்தது. கெர்லிண்டேயின் கண் சொருகும்போதெல்லாம் தட்டு முன்னால் வந்தது.

வாசிப்பின் கடைசி வாக்கியம், மேற்படிப் பத்திரம் வாசிக்கப்பட்டது என்பது. அதையும் வாசித்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எல்லாம் புரிஞ்சுதா, ஃப்ராவ் மாத்தேஸ்?"

கெர்லிண்டே உண்மை பேசும் குடும்பத்தில் வளர்ந்தவள். "இல்லீங்க" என்றாள்.

பேனா அந்தரத்தில் நின்றது. உதவியாளர் பெண் தட்டைக் கீழே வைத்தாள். டாக்டர் ஐகெலுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு உள்ளேயிருந்து ஒருநாள் யாரோ பதில் கொடுத்துவிட்டதுபோல விழித்தார்.

"எது புரியல?"

"ஆரம்பத்துல இருந்தே."

அவர் பத்திரத்தை மூடினார். கைகளைக் கோத்துக்கொண்டார். "பாருங்கம்மா. நான் வாசிக்கணும், அது என் கடமை. நீங்க கேக்கணும், அது உங்க கடமை. புரிஞ்சுதான்னு நான் கேக்கணும், அதுவும் என் கடமை. அதுக்கு நீங்க ஆமாங்கணும். நானும் சும்மா வாசிச்சுட்டுப் போற ஆள் இல்ல. ஒவ்வொரு பத்திரத்தையும் வாசிக்கும்போது நானும் கேக்கத்தான் செய்யறேன். ரொம்ப அழகான நடை. புரிஞ்சுக்கணும்னு உட்கார்ந்தா அந்த அழகு கெட்டுப்போகும்."

"ஒரே ஒரு கேள்விதாங்க. இதுல கையெழுத்துப் போட்டா என் வீடு தப்பிச்சிடுமா?"

"கம்பெனிங்கிறது தனிப் பிறவி. இன்னைக்கு ஒரு புது ஆள் கருவாயிருக்கு. அது பதிவேட்டுல ஏறி முழு உருவம் எடுத்ததும், அதோட கடன் அதோட. உங்க வீடு உங்களோட."

"இன்னைக்கே இல்லையா?"

"கருவுல இருக்கிறப்போ அது செய்யறதுக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பு. முழுசா. முன்னாடி இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலா."

வின்ஃப்ரீட் விழித்துக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்றான்.

"பொறக்கப் போகுதாம்" என்றாள் கெர்லிண்டே. பிறகு, புரிந்தது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் சொன்ன முதல் சட்டபூர்வமான பொய் அதுதான்.

பிறக்கப் போகிற ஆளுக்கு மூலதனம் வேண்டும். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். சேமிப்பு வங்கியில் ஹெர் டோல்டே என்கிற கிளை மேலாளர் கையைக் குலுக்கி உட்கார வைத்தார். சிவந்த கன்னங்களும் நல்ல பற்களும் உள்ள மனிதர். கம்பெனி பதிவாகியிருந்தால் கணக்குத் திறப்பது நொடி வேலை என்றார். கம்பெனிகளைப் பதிவேட்டில் ஏற்றும் பதிவு நீதிமன்றத்தில் கேட்டபோது, கணக்கில் மூலதனம் இருந்தால் பதிவு செய்வது நொடி வேலை என்றார்கள். இரண்டு நொடி வேலைகளுக்கும் நடுவில் கெர்லிண்டே பிப்ரவரி முழுவதும் நடந்தாள். கடைசியில், உருவாகிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு உருவாகிக்கொண்டிருக்கும் கணக்கு என்று ஒன்று எப்போதுமே இருந்தது தெரியவந்தது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"நீங்க கணக்குன்னுதான் கேட்டீங்க, ஃப்ராவ் மாத்தேஸ்" என்றார் ஹெர் டோல்டே. "உருவாகிக்கொண்டிருக்கும் கணக்குன்னு கேக்கலையே."

வங்கிப் படிவத்தில், கணக்குக்குப் பின்னால் உண்மையில் இருக்கும் நபர் யார் என்று ஒரு கேள்வி இருந்தது. நான்தான் என்றாள். அவருக்குப் பின்னால் யாரும் உண்டா என்றது அடுத்த கேள்வி. கெர்லிண்டே திரும்பிப் பார்த்தாள். வின்ஃப்ரீட் இரண்டு பேருடைய மேல்கோட்டையும் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தான்.

மார்ச்சில் பதிவு நீதிமன்றத்திடமிருந்து பதில் வந்தது. வணிகச் சபையின் கருத்தை மதிக்கிறோம், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல; 'உடல்கள் வாடகை நிலையம்' என்பது மனித உடல்களை வாடகைக்கு விடுவதான எண்ணத்தைத் தரக்கூடும் என்பதால் பெயரை மாற்றவும். கெர்லிண்டே ஃப்ராவ் சிம்மர்லிங்கைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நீதிமன்றத்துல சராசரி வாடிக்கையாளர் வேற மாதிரி இருக்கார் போல" என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டார்.

பெயர் மாற்ற வேண்டுமானால் பங்குதாரர்களின் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தை நோட்டரி வாசிக்க வேண்டும். மறுபடியும் மருந்துக்கடை மாடி. இந்தத் தடவை டாக்டர் ஐகெல் பட்டுக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். பொதுக்குழு என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை.

"பொதுக்குழு முறைப்படி கூட்டப்பட்டதா?"

"யாரோட பொதுக்குழுங்க?"

"பங்குதாரர்களோட."

"நான் ஒருத்திதானே."

"அப்போ எல்லாரும் வந்தாச்சு!" அவர் முகம் மலர்ந்தது. "இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? பெரிய கம்பெனிகள்ல பாதிப் பேரு வரமாட்டாங்க. சரி. அழைப்புக் கடிதம் உரிய காலத்துக்கு முன்னாடி பதிவுத் தபால்ல உங்களுக்கு வந்துதா?"

"யார் அனுப்புவா?"

"மேலாளர். அதாவது நீங்க."

"நான் எனக்கு லெட்டர் போடலீங்க."

"பரவாயில்ல. அதுக்கு வழி இருக்கு." அவர் வாசித்தார். ஒரே பங்குதாரர், அழைப்புக்கான கால வரம்புகளையும் வடிவ நிபந்தனைகளையும் தன்னிடமிருந்து தான் கோரும் உரிமையை இதனால் துறக்கிறார். "ஆட்சேபணை உண்டா?"

"யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க மேல."

கெர்லிண்டே கொஞ்சம் யோசித்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு அவள்மேல் பல ஆட்சேபணைகள் இருந்தன. வின்ஃப்ரீட் பேச்சைக் கேட்டது ஒன்று. பலூன் கோட்டை வாங்கியது இன்னொன்று. "இல்ல" என்றாள்.

அப்போதுதான் டாக்டர் ஐகெலின் பார்வை பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்த வின்ஃப்ரீட்மேல் விழுந்தது. "இவர் பங்குதாரர் இல்லையே. அந்நியர் பொதுக்குழுவுல இருக்கணும்னா பொதுக்குழு அனுமதிக்கணும். ஓட்டுக்கு விடறேன். ஹெர் மாத்தேஸ் இங்க இருக்கலாமா?"

"எனக்குத் தெரியலீங்க. இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும்" என்றாள் கெர்லிண்டே. காலையிலிருந்து அவளுக்குத் தலைவலி.

"அது நடுநிலை" என்றார் டாக்டர் ஐகெல். "ஆதரவு இல்லை. எதிர்ப்பு இல்லை. பதிவான ஓட்டு இல்லை. பெரும்பான்மை கிடைக்காததால கோரிக்கை தோல்வி. மன்னிக்கணும், ஹெர் மாத்தேஸ்."

"ஐயா, இவ என் பொண்டாட்டி."

"இந்த நிமிஷம் அவங்க பொதுக்குழு."

வின்ஃப்ரீட் எழுந்து வெளியே போனான். கதவைச் சாத்துவதற்குமுன் மனைவியைப் பார்த்தான். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான். அது அவளிடமா பொதுக்குழுவிடமா என்று தெரியவில்லை.

பெயராக இனி என்ன வைப்பது என்று டாக்டர் ஐகெல் கேட்டார். கெர்லிண்டேயிடம் புதுப் பெயர் எதுவும் மிச்சமில்லை. "கெர்லிண்டே மாத்தேஸ்னே போட்டுடுங்க" என்றாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவள் ஞானஸ்நானத்தன்று இலவசமாகக் கிடைத்த பெயரும், கல்யாணத்தன்று கிடைத்த இன்னொரு பெயரும் சேர்ந்து, கட்டணத்துடன் கம்பெனியின் பெயராயின. கூட்டம் முடிந்ததாக அறிவித்த டாக்டர் ஐகெல் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார். "எவ்வளவோ பொதுக்குழு பார்த்திருக்கேன். இவ்வளவு ஒழுங்கா ஒண்ணு நடந்ததில்ல. கூச்சல் இல்ல, கட்சி கட்டல் இல்ல. என்னைக் கேட்டா, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஆள்தான் இருக்கணும். அந்த ஆளும் கொஞ்சம் களைச்சுப் போயிருந்தா இன்னும் நல்லது."

ஏப்ரல் கடைசியில் கம்பெனி பிறந்தது. பிறந்த செய்தி வந்த அன்றே வாழ்த்துகள்போலக் கடிதங்கள் வரத் தொடங்கின. தொழில் பதிவேட்டு மத்தியத் தொகுப்பு, ஐரோப்பிய நிறுவன அட்டவணை என்று அரசாங்கக் கழுகு முத்திரையோடு கட்டணச் சீட்டுகள். எவ்வளவு கட்ட வேண்டும், எந்த நாளுக்குள், எந்தக் கணக்கில் என்று எளிய மொழியில் தெளிவாக எழுதியிருந்தது. வின்ஃப்ரீட் கட்டணம் கட்டக் கிளம்பிவிட்டான். அவையெல்லாம் மோசடிக்காரர்கள் அனுப்புபவை என்று டாக்டர் ஐகெலின் உதவியாளர் பெண் தொலைபேசியில் சொல்லித் தடுத்தாள்.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் கெர்லிண்டே.

"படிச்சா புரியுதுன்னா அது கவர்மென்ட் இல்லைங்க."

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கோட்டை. டூபா கிழித்த பழைய கோட்டையை ஒட்டுப் போட்டாலும் பாதுகாப்புச் சோதனைக்காரர் கோபுரத்தைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். புதிது வாங்க வேண்டும். மூலதனத்தில் நோட்டரிக்கும் நீதிமன்றத்துக்கும் போக மிஞ்சியது ஊதுகிற மோட்டாருக்குத்தான் காணும். நகராட்சியோ ஒப்பந்தத்தில் கம்பெனியின் பெயரை எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டது. கெர்லிண்டே சேமிப்பு வங்கிக்குப் போனாள். ஹெர் டோல்டே கையைக் குலுக்கினார், கம்பெனி பிறந்ததற்கு வாழ்த்துச் சொன்னார், பிஸ்கட் கொடுத்தார்.

"கடன் தாராளமா தரலாம். ஒரே ஒரு சின்ன சங்கடம். உங்க கம்பெனி லிமிடெட்."

"ஆமா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"நல்ல அமைப்பு. நான் எல்லாருக்கும் அதைத்தான் சிபாரிசு பண்றேன். ஆனா அதுல கம்பெனிக்கு மிஞ்சி யாரும் பொறுப்பு இல்லையே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க யாரைக் கேக்குறது? வங்கிங்கிறது ஜனங்களோட நம்பிக்கையில நிக்குது, ஃப்ராவ் மாத்தேஸ். நம்பிக்கைன்னா எழுத்துல இருக்கணும். அதனால கம்பெனி வாங்குற கடனுக்கு நீங்க சொந்த ஹோதாவுல ஜாமீன் நிக்கணும்."

"ஜாமீன்னா?"

"வீடு இருக்கில்லையா உங்களுக்கு? நல்ல வீடு. பின்பக்கம் மரத்தளம்கூட இருக்கு. நான் சாயங்காலம் அந்தப் பக்கம் நடக்கப் போறப்போ பார்த்திருக்கேன்."

கெர்லிண்டே பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். "வீட்டைக் காப்பாத்தத்தான் கம்பெனி ஆரம்பிச்சேன், ஹெர் டோல்டே."

"கம்பெனிகிட்ட இருந்து காப்பாத்தியாச்சே!" என்றார் அவர் உற்சாகமாக. "இனிமே உங்க வீட்டைக் கம்பெனியால ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க மட்டும்தான்."

அன்று இரவுச் சாப்பாட்டில் கெர்லிண்டே ஜாமீன் விஷயத்தைச் சொன்னாள். வின்ஃப்ரீட் உருளைக்கிழங்கு சாலடைக் கிளறிக்கொண்டேயிருந்தான். மாடிப்படியின் ஏழாவது பலகை முனகுவதை இந்தக் கோடையில் சரிசெய்ய வேண்டும் என்றான். பிறகு சொன்னான்: "கையெழுத்தைப் போட்டுடு."

"நிஜமாவா?"

"போடலேன்னா இந்தக் கம்பெனிகிட்ட வாடகைக்கு விட என்ன இருக்கு? நோட்டரியையா விட முடியும்?"

வீட்டை அடமானம் வைக்கும் பத்திரமும் வாசிக்கப்பட வேண்டியதுதான். மறுபடியும் பச்சை நாற்காலிகள், பெப்பர்மின்ட் தட்டு. வீட்டில் பாதி வின்ஃப்ரீட் பெயரில் இருந்ததால் இந்தத் தடவை யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை. டாக்டர் ஐகெல் அதே குரலில் தெருவையும் கதவு எண்ணையும் அடித்தளத்தையும் மேல்மாடியையும் வாசித்தார். பெப்பர்மின்ட் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஜூன் மாத விழா அன்று காலையில் வெயில் நன்றாக இருந்தது. நகராட்சித் திடலில் சிவப்பும் மஞ்சளுமாகப் புதுக் கோட்டை எழுந்து நின்றது. வாசலில் கம்பெனியின் பெயர்ப்பலகை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பேண்டுக்காரர்கள் இந்த வருடம் திடலின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார்கள், டூபாக்காரர் மரத்துக்குப் பின்னால்.

மத்தியானத்துக்குமேல் ஹெர் டோல்டே வந்தார். வாரக்கடைசிக்கான வெள்ளைக் கால்சட்டை. இரண்டு கைகளிலும் இரண்டு பெண் பிள்ளைகள். "பத்திரமா இருக்கா, ஃப்ராவ் மாத்தேஸ்?" என்று கேட்டார்.

"நீங்கதான் சொல்லணும்" என்றான் வின்ஃப்ரீட் கயிற்றருகிலிருந்து. "வீடு உங்க கையில. ஏத்தி விடுங்க."

ஹெர் டோல்டே சிரித்தார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினார்கள். அவர் பீர் வாங்கப் போனார்.

காற்று மேற்கிலிருந்து வந்தது. முதலில் கொடிகள் அசைந்தன. கெர்லிண்டே அண்ணாந்து பார்த்தாள். மேகம் கரிக்கட்டையாக எழும்பிக்கொண்டிருந்தது. அவள் விசில் ஊதினாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இறக்கினாள். மோட்டாரை நிறுத்தினாள். ஆனால் பலூன் கோட்டையில் காற்று சட்டென்று இறங்காது. முழுசாக அமுங்கும்வரை சில நிமிடங்கள் அது கோட்டையுமில்லை, தரையில் கிடக்கிற துணியுமில்லை. பறப்பதற்கு அதைவிடத் தோதான நிலை கிடையாது. முன்பக்க முளை ஒன்று மண்ணிலிருந்து எழும்பியது. வின்ஃப்ரீட் ஒரு கயிற்றின்மேல் விழுந்தான். கெர்லிண்டே வேலைக் கையுறை போட்ட கைகளால் இன்னொன்றைப் பிடித்தாள். மூன்றாவது கயிறு புல்லில் பாம்பாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

பீர்க் குவளையோடு ஓடிவந்த ஹெர் டோல்டே தன் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோட்டையைப் பார்த்தார். அது சாய்ந்துகொண்டிருந்த திசையில் சாஸேஜ் கடை, ராட்டினம், அதைத் தாண்டி நகராட்சித் தலைவரின் குடும்பம்.

"இது போய் யார் மேலயாவது விழுந்தா..." என்று தொடங்கினார்.

"கம்பெனி திவால்" என்றாள் கெர்லிண்டே, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு.

"அப்போ எங்க கடன்?"

"வீட்டை எடுத்துக்கோங்க. மாடிப்படியில ஏழாவது பலகை முனகும். டூபாக்காரர் மறுபடியும் அதைக் கேட்டார்னா நீங்களே பேசிக்கோங்க."

ஹெர் டோல்டேயின் கன்னத்தில் சிவப்பு இறங்கியது. வங்கியில் உட்கார்ந்து அவர் போட்ட எத்தனையோ கணக்குகளில் காற்று ஒருபோதும் இருந்ததில்லை. பீரை யார் கையிலோ கொடுத்தார். வெள்ளைக் கால்சட்டையோடு புல்லில் பாய்ந்து மூன்றாவது கயிற்றைப் பிடித்தார். கோட்டை அவரை இரண்டு அடி இழுத்தது. அவர் விடவில்லை. கயிறு உள்ளங்கையை அறுக்க, முழங்காலில் நின்றபடி திரும்பிப் பார்த்தார்.

"கம்பெனி ஆளுங்க வேற யாரும் இல்லையா?"

"எல்லாரும் வந்தாச்சு" என்றாள் கெர்லிண்டே.

"எவ்வளவு நேரம் இப்படிப் பிடிச்சிருக்கணும்?"

"கடன் அடையற வரைக்கும்" என்றான் வின்ஃப்ரீட்.

கெர்லிண்டே சிரிக்கவில்லை. ஒரு கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, ஹெர் டோல்டே பக்கம் எறிந்தாள்.